காய் முற்றியதென்று எப்படி அறிவது?



கொல்லையில் பரங்கிக்கொடி படரவிட்ட வீட்டாருக்கு ஒரு சோதனை உண்டு. காய் பெருத்துவிட்டது, பறிக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் பருமன் முற்றலுக்கு அடையாளமன்று. காய் முதலில் பெருக்கும். பிறகுதான் உள்ளே சத்துக் கட்டும். பூ பிடித்து ஏறக்குறைய 50 நாள் செல்ல வேண்டும். நாள் கணக்கும் போதாது. காம்பு பச்சை மாறிக் கட்டைபோல் உலர்ந்ததா? தோலின் மினுமினுப்பு மங்கியதா? தரையில் பட்ட பாகம் வெளுப்பு நீங்கி நல்ல மஞ்சளாயிற்றா? நகத்தால் அழுத்தினால் இறங்காமல் எதிர்க்கிறதா? இவையெல்லாம் கூடினால் நாலு விரற்கடைக் காம்போடு அறுக்கலாம்.

இளசாய்ப் பறித்ததும் கறிக்கு ஆகும், மறுப்பில்லை. ஆனால் அதை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது, வைத்தாலும் இனிக்காது. முற்றிய காயில் சேர்ந்த மாவுச்சத்தே இருப்பில் சர்க்கரையாய் மாறுகிறது. சேராதது எதிலிருந்து மாறும்?

நான் சொல்லவந்த காரியம் வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு 18 வயது நிரம்பியவுடனே, ஓலை வாசிக்க வேண்டுமென்று கோவிலுக்கு வருகிற பெற்றோர் இன்னும் உண்டு. ஏன் இந்த அவசரம் என்றால், நல்ல இடம் கைநழுவிப் போகும், ஊர் ஒரு மாதிரி, எங்கள் கண் மூடுமுன் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இவற்றுள் ஒன்றாவது பிள்ளையிடத்தில் கண்ட அடையாளமா? எல்லாம் பறிக்கிறவருடைய பயமன்றோ! திருட்டுக்குப் பயந்து பிஞ்சைப் பறிக்கிறவரும் இதையேதான் சொல்லுவார்.

சட்டம் 18 என்கிறதே என்பீர்கள். அது அந்த 50 நாளைப் போன்ற கணக்கு; அதற்குக் கீழே கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1072-ம் விதியோ, அந்தந்த நாட்டில் வழக்கமாய் மணம் முடிக்கும் வயதுக்கு முன்னே இளைஞர் விவாகம் செய்யாதபடி அவர்களைத் தடுத்துப் புத்தி சொல்வது குருக்களின் கடமை என்கிறது.

பெண்பிள்ளையைப் பரங்கிக்காயோடு ஒப்பிடலாமா என்று சிலருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். காய்க்கு வாயில்லை, அதனால்தான் காம்பையும் தோலையும் பார்க்கிறோம். பிள்ளைக்கு வாயிருக்கிறது, நாம் கேட்பதில்லை.

அப்படியானால் காத்திருப்பதெல்லாம் புண்ணியமா? அதுவுமில்லை. விவேகத்துக்கு விரோதமான குற்றங்களில் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் பதற்றத்தையும் சேர்த்தார், அசட்டையையும் சேர்த்தார். மகளின் சம்பளத்தில் வீடு நடக்கிறதென்று, வந்த வரனுக்கெல்லாம் குறை சொல்லி 35 வயதுமட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, அதைப் பொறுமையென்று அழைப்பது சரியல்ல. முற்றிய காயை மழைக்காலத்து ஈரத்தரையில் விட்டால் அழுகும்.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தகப்பன் முன்னிலையில் வாய் திறக்காவிட்டால் தாய் தனியே கேட்கட்டும். தாயிடமும் சொல்லாவிட்டால் அத்தையோ பெரியம்மாவோ கேட்கட்டும். வேண்டாமென்று சொன்னால் வீட்டில் என்ன நடக்குமோ என்று அவள் பயப்படுகிறவரையில், அவள் சொல்லும் 'சரி'யை நம்பி என்னிடம் வராதீர்கள். ஓலையை இன்னும் சில ஞாயிறு கழித்து வாசித்தால் குடிமுழுகிப் போய்விடாது.