வழி காட்டும் ஒளி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமி மழை குறைந்தது, வானம் விரிந்தது. நெடுந்தொலைவில் மினுங்கும் சிறு சுடரும் இங்கே இரவில் கண்ணுக்குப் புலப்படும். கண்மாய்க் கரையில் தானே தோன்றித் தானே மறையும் வெளிச்சத்தைக் கண்டு, ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ என்று அஞ்சி வழி மாறிச் சென்ற முன்னோர் பலர். சேற்றில் மட்கும் தழைகளிலிருந்து எழும் வாயுவே அவ்வாறு ஒளிர்கிறது என்பது அறிவியலார் கூறும் விளக்கம். இதனைக் கேட்டதும் அச்சம் அகலுகிறது; அது நன்மையே. ஆயினும் அன்பர் சிலர் உள்ளத்தில் வேறோர் ஐயம் எழுகிறது. காரணம் தெரிந்துவிட்டால், அச்சத்தோடு பக்தியும் அகன்றுவிடுமோ?

இவ்வையத்தைத் தெளிவிக்க இம்மண்ணில் பிறந்த மகான் ஒருவரின் வரலாறே துணைசெய்யும். திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அவதரித்த ரமண மகரிஷி, 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்குத் திருவண்ணாமலையில் சித்தியடைந்தார். அவ்வேளையில் பேரொளி ஒன்று வானில் மெல்ல நகர்ந்து அருணாசல மலையின் பக்கம் மறைந்ததைப் பலர் கண்டனர். அங்கு வந்திருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோனும் அதனைக் கண்டு நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

விண்வெளியிலிருந்து விழும் சிறு கல், நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று மண்டலத்துள் புகுந்து எரிவதையே எரிமீன் என்கிறோம். அன்று தோன்றியதும் எரிமீனே என்று கொண்டால், மகரிஷியின் பெருமை அணுவளவேனும் குறையுமோ? குறையாது. நாடி வந்தோரை ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் ‘நான் யார்?’ என்று உள்நோக்கச் செய்தாரே, அதுவன்றோ அவர் பெருமை!

நம் ஆசாரியர்கள் போற்றும் குருபரம்பரையும் இதனையே உணர்த்துகிறது. வடநாட்டு யாத்திரையில் அயோத்தியில் இருந்த மதுரகவியாழ்வார், தென்திசை வானில் ஓர் ஒளியைக் கண்டார். அதனைப் பின்பற்றித் திருக்குருகூர் வந்து சேர்ந்தார். அங்கே ஒளி மறைந்தது. புளியமரத்தடியில் மோனத்தில் வீற்றிருந்த நம்மாழ்வார் கிடைத்தார். மதுரகவிகள் அருளிய பாசுரங்கள் பதினொன்றே. அவற்றுள் தம்மை அழைத்து வந்த ஒளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆசாரியன் பெருமை ஒன்றே நிறைந்திருக்கிறது. ஒளி வழியாயிற்று, அவர் வழியிலேயே நின்றுவிடவில்லை.

பக்தர்களே! இத்திருவிழாவிலே கருவறைத் திருவிளக்கைச் சேவிக்கிறோம். அதற்கு எண்ணெய் வார்த்தவர் யார், திரி இட்டவர் யார் என்பதை நாம் அறிவோம். அதில் மருமம் ஏதும் இல்லை. எனினும், அவ்வொளியில் எம்பெருமானின் திருமுகம் தெரியும்போது நம் கண்கள் நீர் மல்குகின்றன. அறியாமையினால் வந்த பக்தியாயின், இவ்விளக்கின் முன் அது எழுந்திருக்கலாகாது.

ஆகவே, வானில் ஒளி கண்டோம் என்பவரை எள்ள வேண்டுவதில்லை. அதன் காரணத்தை ஆராய்பவரை நாத்திகர் என்று இகழவும் வேண்டுவதில்லை. காணாததைக் கண்டதாகச் சொல்லி எளியோரை மயக்குவதே பாவம். ஓர் ஒளி நம்மை எவ்விடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது என்பதை நோக்குக. அச்சத்தில் சேர்த்தால் அதனை விடுக. அடியார் திருவடியில் சேர்த்தால் அதனைத் தொடர்க. அவ்வழியிலே நம்மை நடத்துமாறு எம்பெருமானை வேண்டுவோமாக.