நஸீபு என்று யார் சொல்வது?

இழப்பு நேர்ந்த வீட்டில் முதலில் ஒலிக்கும் சொல் 'நஸீபு' என்பதாகும். மையித்து வீட்டில் அச்சொல் மருந்தாகிறது; புயலில் தென்னந்தோப்பை இழந்தவனுக்கு அது ஊன்றுகோலாகிறது. ஆனால் ஒரு பொருளை இழந்து துயருறுபவரும், அது தொலைவதற்குக் காரணமாக இருந்தவனும் அதே சொல்லைச் சொல்லிக்கொள்ளலாமா? இக்கேள்வி ஏதோ ஒரு கிதாபைப் புரட்டியபோது நமக்கு எழுந்ததன்று. பழுதுபட்ட மடிக்கணினி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எழுந்ததாகும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், 2017ஆம் ஆண்டில் ஒரு கையெழுத்துக் கிதாபை நம்மிடம் கொணர்ந்தார். அது அவருடைய பாட்டனார் அரபுத் தமிழில் எழுதியது. தொழுகைச் சட்டங்கள், சில துஆக்கள், ஊரில் நடந்த நிக்காஹ்கள், மௌத்துகள் பற்றிய குறிப்புகள் என 212 பக்கங்கள் அதில் இருந்தன. அதை வாசித்துத் தமிழ் எழுத்தில் பெயர்த்துத் தரும்படி அவர் கேட்டார். நாம் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து மடிக்கணினியில் சேர்த்துவிட்டு, கிதாபை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. நம் மாவட்டம் அன்று பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார். அம்மூதாட்டியின் வீட்டு ஓடுகள் பறந்தன. பெட்டிக்குள் மழைநீர் புகுந்தது. மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாயின. நாம் விசாரிக்கச் சென்றபோது, "அதுதான் உங்ககிட்ட பத்திரமா இருக்கே ஆலிம்சா" என்று அவரே நமக்கு ஆறுதல் கூறினார். அன்றுவரை நம்மிடம் இருந்தவை வெறும் நகல்கள். அன்று முதல் அவையே மூலம். இந்த மாற்றத்தை நாம் உணரவில்லை. பெயர்த்தெழுதும் பணியையும் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தோம்.

சில ஆண்டுகள் கழிந்தபின், கணினியிலிருந்து 'டக், டக்' என்றொரு சத்தம் எழத் தொடங்கியது. ஒரு கோப்பைத் திறக்க முன்னிலும் அதிக நேரம் ஆயிற்று. ஓடுகிறதல்லவா, ஓடட்டும் என்றிருந்தோம். மூன்று வாரங்களுக்குப் பின் ஒரு நாள் அது திறக்கவே இல்லை.

அந்தச் சத்தத்தின் பொருளைப் பின்னரே அறிந்தோம். ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டுக்குள் காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் சுழல்கின்றன. மடிக்கணினிகளில் பெரிதும் வழங்கிய வகை நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்வதாகும். எழுதவும் படிக்கவும் செய்யும் முனை, தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமயிரின் கனமோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்! அம்முனை தன் இடத்தைக் கண்டுகொள்ள இயலாமல் மீண்டும் மீண்டும் தடுமாறும்போது எழும் ஒலியே அந்த 'டக், டக்'. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு 50 தகடுகளைக் கொண்டு 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்று உள்ளங்கையளவு தட்டு பல்லாயிரம் நூல்களைத் தாங்குகிறது. கொள்ளளவு பெருகியதே ஒழிய, சுழல்வது ஒருநாள் நிற்கும் என்ற இயல்பு மாறவில்லை.

நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் கணினித் தொழிலில் இருக்கிறார். அவரிடம் கொண்டுசென்றோம். அவர் கூறியவை வாசகர் இல்லங்களுக்கும் பயன்படும். சத்தம் கேட்டவுடன் கணினியை நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பது நோயாளியை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். பழுதுபார்க்கும் கட்டளைகளை அந்தத் தட்டின்மீதே ஏவக் கூடாது. வீட்டில் அதைத் திறக்கக் கூடாது. ஒரு தூசி போதும், தகடு கீறுண்டு போகும். குளிர்பெட்டியில் வைத்தால் உயிர் பெறும் என்ற பேச்சையும் நம்பலாகாது. தட்டு இன்னும் படிக்கப்படும் நிலையில் இருந்தால், முதலில் முழுவதையும் வேறொரு நல்ல தட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். மீட்கும் வேலையை அந்தப் பிரதியில்தான் செய்ய வேண்டும். அவர் பயன்படுத்திய 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள், நல்ல பகுதிகளை முதலில் படித்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகே திரும்பி வருகிறது. முனையே ஒடிந்துபோன தட்டுக்கு இதுவும் உதவாது; தூசியற்ற அறையுடைய வல்லுநரிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

மூன்று நாட்கள் அந்த வேலை நடந்தது. 212 பக்கங்களில் 171 கிடைத்தன. 41 பக்கங்கள் போயின.

மூதாட்டியிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நஸீபு அவ்வளவுதான் ஆலிம்சா. நீங்க மனசை அலட்டிக்காதீங்க" என்றார். அவர் வாயில் அச்சொல் ஸப்ராக இருந்தது. அதையே நாமும் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிடலாம் என்று நம் நஃப்ஸு ஆசைப்பட்டது. அந்த ஆசையைத்தான் இங்கே விசாரிக்கிறோம்.

அடைக்கலப் பொருளாகிய 'வதீஆ'வைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பொருளைக் காப்பவன் நம்பிக்கைக்குரியவன். அவனுடைய பிழையின்றி அது அழிந்தால் ஈடு கொடுக்கும் கடமை அவனுக்கில்லை. வரம்பு மீறினாலோ அசட்டையாக இருந்தாலோ அவனே பொறுப்பாளி. இவற்றோடு நம் ஷாஃபி மத்ஹபின் இமாம்கள் நுட்பமான ஒரு கருத்தையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு பொருளையும் அதற்குத் தக்க காப்பிடத்தில் வைக்க வேண்டும் என்பதே அது. அதனை 'ஹிர்ஸு மித்ல்' என்பர். பொற்காசை மாட்டுத்தொழுவத்தில் வைத்தவன், களவு போயிற்று என்று கைவிரிக்க முடியாது. காக்க இயலாது என்று அறிந்தவன் அடைக்கலத்தை ஏற்பதே தகாது என்றும் அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

அப்படியானால், உலகில் வேறெங்கும் இல்லாத 212 பக்கங்களுக்கு ஒரேயொரு சுழலும் தகடு தக்க காப்பிடமா? அது மூன்று வாரம் சத்தமிட்டு எச்சரித்ததை நாம் பொருட்படுத்தாதது அசட்டை. அது சத்தமிடாமலே நின்றிருந்தாலும் நாம் தப்ப முடியாது. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டனர். பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் முறையின் முக்கிய அடையாளங்கள் எதையும் காட்டாமலே பழுதாகியிருந்தன. இன்று பரவியுள்ள எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகமே இல்லை. சத்தமிட்டு எச்சரிக்கவும் அதனால் இயலாது. ஆகவே எச்சரிக்கை வரும் என்று காத்திருப்பதே ஒரு பிழையாகும். ஒரே இடத்தில் வைத்த நாளிலேயே நம் குற்றம் தொடங்கிவிட்டது.

எல்லாம் அல்லாஹ்வின் விதிப்படியே நடக்கின்றன என்று ஈமான் கொண்டவர் இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருந்தபோது, அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்து திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவினார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடை பகர்ந்தார்கள். எச்சரிக்கை விதிக்குப் புறம்பானதன்று. அதுவும் விதியின் ஒரு பகுதியே. எனவேதான், நேர்ந்துவிட்ட துன்பத்தில் விதியைச் சொல்லி ஆறலாம், செய்த குற்றத்துக்கு விதியைச் சாட்டலாகாது என்று மார்க்க அறிஞர்கள் வகுத்தார்கள். மூதாட்டி துன்பத்தின் பக்கம் நின்றார். நாம் குற்றத்தின் பக்கம் நின்றோம். சொல் ஒன்றே, அதைச் சொல்லும் உரிமை ஒன்றன்று.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானபோது, அல்லாஹ் தன் மறையைக் காப்பான் என்று கூறிவிட்டு அவர்கள் வாளாவிருக்கவில்லை. உமர் (ரலி) வற்புறுத்த, அபூபக்கர் (ரலி) ஆணையிட, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அதை ஏடுகளில் திரட்டினார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) காலத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கும் அனுப்பப்பட்டன. நெஞ்சுக்கு ஏடும், ஏட்டுக்கு நெஞ்சும் காவலாயின. கடனைப் பற்றிய திருவசனமும் எழுதி வைப்பதோடு நில்லாமல் சாட்சிகளையும் வைக்கச் சொல்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலைகளில் வாழ்ந்து, 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் உழைப்பால் அச்சேறியது. ஓலை இற்றுப்போகுமுன் அதைப் படியெடுத்த பெயரறியாத கைகள் எத்தனையோ!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இளமையில் ஜுர்ஜானில் ஓதி முடித்துத் தூஸுக்குத் திரும்புகையில், கொள்ளையர் அவர்களுடைய பாடக் குறிப்புகளைப் பறித்துக்கொண்டனர் என்று வரலாறு கூறுகிறது. தம் கல்வியெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அவர்கள் மன்றாட, கொள்ளையர் தலைவன் சிரித்தான். ஒரு பையைப் பறித்தால் போய்விடும் கல்வி என்ன கல்வி என்பது அவன் கேள்வி. குறிப்புகள் திரும்பக் கிடைத்தும், இமாமவர்கள் அக்கேள்வியை மறக்கவில்லை. மூன்றாண்டுகள் உழைத்து அனைத்தையும் மனத்தில் பதித்தார்கள். நம்மிடம் அதே கேள்வியைக் கேட்டது ஒரு பழுதான தட்டு. ஐந்தாண்டுகள் அப்பக்கங்களை வைத்திருந்தோம், வாசித்தோமில்லை. வாசித்து எழுதியிருந்தால் 41 பக்கங்களும் இன்று தாளில் இருந்திருக்கும்.

காசு கொடுத்து ஈடு செய்யக்கூடிய இழப்பன்று இது. ஆயினும் கடன் கடனே. எஞ்சிய 171 பக்கங்களையும் வாசித்துத் தமிழில் எழுதி முடித்தோம். தாளில் அச்சிட்ட பிரதிகளில் ஒன்று மூதாட்டியின் வீட்டிலும் மற்றொன்று அவ்வூர்ப் பள்ளிவாசலிலும் இருக்கின்றன. படங்கள் வேறு வேறு ஊர்களில் இரண்டு தட்டுகளில் இருக்கின்றன. அந்த 41 பக்கங்கள் இருந்த இடத்தில் 41 வெற்றுத் தாள்களை வைத்தே கட்டுவித்தோம். அவ்வூரின் முதியவர்களிடம் கேட்டு, நினைவில் உள்ள நிக்காஹ், மௌத்துச் செய்திகளை அவற்றில் எழுதி வருகிறோம். இதுவரை ஆறு தாள்கள் நிரம்பியுள்ளன.

வாசக நேயர்களின் இல்லங்களிலும் தந்தையின் குரலோ, தாயின் படமோ, ஜமாஅத்தின் கணக்கோ ஏதேனும் ஒரு கருவியில் ஒற்றையாய்க் கிடக்கலாம். இன்றே அதற்கு ஓர் இணையைச் செய்துவிடுங்கள். அதன் பிறகும் அது தொலைந்தால், அப்போது நஸீபு என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஏற்ற அமானிதங்களை நிறைவேற்றும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.