நம்பாத பக்கத்துக்காகப் பேசலாமா?

மனசு ஒத்துக்காத கருத்துக்காக மேடையில் பேசுவது பொய்தானே? விவாதக் குழுவில் சேரும் தம்பி தங்கைகள் இதைக் கேட்காமல் விடுவதில்லை. உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் திடீர்த் தலைப்புக்குத் தயாராக 1 மணி நேரம்தான். எந்தப் பக்கம் என்பதும் நம் கையில் இல்லை.

எனக்கு இது பொய்யாகத் தெரியவில்லை. போட்டி என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை. எதிரணி சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி, அதை உடைச்சுக் கைத்தட்டல் வாங்குறோமே, அங்கேதான் பொய் நுழைகிறது.

நியாய சூத்திரம் இதையெல்லாம் பிரித்தே வைத்திருக்கிறது. உண்மை தேடிப் பேசுவது வாதம். ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் அடுத்தவரை மட்டும் அடிப்பது விதண்டை (வீட்டுல திட்டு வாங்குற அதே விதண்டாவாதம்!). நம்ம கோப்பைகள் பெரும்பாலும் ஜல்பத்துக்குத்தான் கிடைக்குது.

அருணந்தி சிவாச்சாரியாரைப் பாருங்கள். சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கினார். கடவுள் இல்லை என்கிற உலகாயதர் தொடங்கி 14 பிற கொள்கைகளை எடுத்துச் சொல்லித்தான் மறுக்கிறார். தான் ஏற்காததை எழுத எவ்வளவு படித்திருப்பார்!

பொறியியல் படிப்புக்கு நடுவே பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் அரை மணி நேரம் எதிரணியின் பேச்சைத்தான் எழுதச் சொல்வேன். பிள்ளைகளுக்குச் செம எரிச்சல்.