திரும்பக் கெடுத்துப் பார்ப்பது

சித்தப்பாவின் படகு மோட்டார் என்னைவிட ஐந்தாறு வயதுதான் இளையது. 9.9 குதிரைசக்தி, டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற வகை. மேல்மூடியில் இருந்த கம்பெனிப் பெயர் உப்புக்காற்றில் எப்போதோ அழிந்துவிட்டது.

போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். "கெளம்புது, நல்லா ஓடுது. இருவது நிமிசத்துல தொண்டைய அடச்ச மாதிரி இழுத்துட்டு நின்னுருது. செத்த நேரம் கழிச்சு கயித்த இழுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது" என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. எப்போதாவது தலைகாட்டி, தேடிப் போனால் ஒளிந்துகொள்கிற பிழைகளைப் பிடிப்பதற்குத்தான் பெங்களூரில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இந்த மாதிரிக் கோளாறில் சந்தேகப்பட வேண்டியவை கொஞ்சம்தான். டேங்க் மூடியில் காற்றுக்காக இருக்கும் திருகு அடைத்துக்கொண்டால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறும். கார்பரேட்டர் கிண்ணத்தில் தண்ணீரோ கசடோ தங்கியிருக்கலாம். டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூபில் தடை இருக்கலாம். அல்லது பிரச்சினை எண்ணெயிலேயே இல்லாமல் தீப்பொறியில் இருக்கலாம். பழைய இக்னிஷன் காயில் சூடானால் சாகும், ஆறினால் பிழைக்கும்.

அன்று சாயங்காலமே பிளக் இரண்டையும் மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். மூடித் திருகில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினேன். வீட்டுக்குப் பின்னால் கிடந்த இன்னொரு செத்த மோட்டாரின் டியூபைப் பல்போடு உருவி இதில் மாட்டினேன். தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிக் கிளப்பினால் அரைமணி நேரம் அசராமல் ஓடியது.

"எதுல கெட்டுப் போயிருந்திச்சு?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு சித்தப்பா. இனிமே நிக்காது."

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு அவரும் இன்னொருவரும் படகைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு எனக்குத் தூக்கமில்லை. டிரம்மில் ஓடியது எதையும் நிரூபிக்கவில்லை. அங்கே சுமை கிடையாது. கடலில் முழு வேகத்தில் போகும்போது மோட்டார் குடிக்கிற எண்ணெயில் சொற்பம்தான் அங்கே குடிக்கும். காயிலை நான் தொட்டே பார்க்கவில்லை. வாடைக் காற்று வேறு. மோட்டார் நின்றுபோன படகு அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிவிடும். பழைய படகுகள் அப்படித்தான் கவிழ்கின்றன.

டபிள்யூ.கே. கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877ல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, அடிக்கடி பழுது பார்த்தது. பயணிகளோடு அனுப்பும் முன் அவருக்குச் சந்தேகம் வருகிறது. எத்தனை பயணம் போய் வந்திருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மனதார நம்பியே அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அடுத்து கிளிஃபோர்டு கதையை மாற்றுகிறார். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் அதே அளவு குற்றவாளி, மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்கிறார். இது ஏட்டுப் பேச்சு அல்ல. 1870ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில், சிசிலிக் கரையோரம் கப்பல் உடைந்து உயிர் பிழைத்தவர் அவர்.

இதற்கு வில்லியம் ஜேம்ஸ் 1896ல் பதில் சொன்னார். சில முடிவுகளில் சான்றுக்காகக் காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு என்று. கடலுக்குப் போகாத நாளில் சித்தப்பா வீட்டில் காசு கிடையாது. எனவே ஜேம்ஸ் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த வாதம் படகில் இருப்பவருக்குத்தான் செல்லும். துணிந்து நம்பியது நான். கரையில் பாயில் படுத்திருந்ததும் நான். கிளிஃபோர்டின் முதலாளியும் கப்பலில் ஏறவில்லை.

அலுவலகத்தில் தினமும் இதைச் செய்கிறோம். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவோம், ஓடும், டிக்கெட்டை மூடுவோம். காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதித் தொலைப்போம்.

ஒன்பது மணிக்குப் படகு வந்தது. மோட்டார் ஒருமுறைகூட நிற்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். "சித்தப்பா, எது கெட்டிருந்துச்சுன்னு நெசமாவே எனக்குத் தெரியாது. மொத்தமா மாத்துனதுல எதோ ஒண்ணு வேல செஞ்சிருக்கு" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கழட்டுனத எல்லாம் எங்கல போட்ட? எடுத்துட்டு வா. ஒண்ணொண்ணா மாட்டு."

"ஓடுறத எதுக்குக் கெடுக்கணும்?"

"ஊரு தெரியிற எடத்துல நின்னா நீந்தி வந்துரலாம்ல."

முதலில் பழைய பிளக்குகள். முழு வேகத்தில் அரைமணி நேரம் கரையோரமாகப் போய் வந்தோம். நிற்கவில்லை. அடுத்து பழைய டியூப். பதினெட்டாவது நிமிடம் அந்தத் தொண்டை அடைப்பு. நான் பல்பை அமுக்கினேன். மோட்டார் உயிர் பெற்றது. விட்டதும் மறுபடி விழுந்தது. அப்படியானால் குறை எண்ணெயில், தீப்பொறியில் இல்லை. இந்தச் சோதனை எனக்கு முன்பே தெரியும். ஆனால் இதைச் செய்ய, மோட்டார் சாகிற நேரத்தில் படகில் இருக்க வேண்டும்.

கரைக்கு வந்து டியூபைப் பிளேடால் பிளந்தோம். வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே பல்புக்கு அந்தப்பக்கம் ரப்பர் உரிந்து நாக்குபோலத் தொங்கியது. மோட்டார் வேகமாக உறிஞ்சும்போது அது ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். நின்றதும் தளர்ந்து திறந்துகொள்ளும். ஒரு பகலும் நான்கைந்து லிட்டர் எண்ணெயும் இதற்குச் செலவு. என் மேனேஜர் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார்.

கண்டுபிடித்த பெருமையில் நான் நிமிர்ந்தபோது சித்தப்பா அந்த நாக்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "நீ அந்தச் செத்த மோட்டார்லருந்து உருவி மாட்டுனியே, அந்த டியூப் மட்டும் புதுசா?"

இல்லை. இரண்டும் ஒரே வயது.

சாயங்காலம் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்ப் புது டியூப் வாங்கி வந்தேன். அதன் நுனியில் ஓர் அங்குலம் வெட்டி, பிளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார்.