கோர்வையில் இரண்டாவது ஆள்

கோர்வைப் புடவை நெய்வதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா. நெய்கிறவர் உடலையும் ஒரு பக்கக் கரையையும் பார்த்துக்கொள்வார். மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ளித்தர இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் இந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்கள் இருந்தார்கள். இப்போது பல வீடுகளில் மனைவியோ மகளோ இருக்கிறார்கள். கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம். இரண்டும் பிரியாமல் ஒரே துணியாக நிற்பதில் அந்த இரண்டாவது கைக்கும் பங்கு உண்டு. ஆனால் கூலி எழுதும் பாஸ்புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கும்.

காஞ்சிபுரத்தில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் ஏறக்குறைய 72 சதவீதம் பேர் பெண்கள் என்பதை வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். காஞ்சிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஊரின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டோம், உள்ளே இருக்கிற கைகளின் பெயரை விட்டுவிட்டோம் என்று மேடையில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும், நாங்களே ஒரு ஓவியப் புத்தகம் போட்டபோது நான் செய்தது அந்தப் பாஸ்புத்தகக் கணக்கைத்தான்.

நாங்கள் பதினொரு பெண்கள். நானும் இன்னொரு விரிவுரையாளரும், மூன்று மாணவிகள், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலிருந்து ஆறு பேர். புடவையில் வரும் மயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, யாளி எல்லாவற்றையும் கிராஃப் தாளில் பெரிதாக்கி, அவற்றுக்கு நடுவே அந்தப் பெண்களின் அன்றாடத்தை வரைவதுதான் திட்டம். தார் சுற்றும் ராட்டினம், தெருவில் நீட்டிய பாவு, தண்ணீர்க் குடம், மாத்திரை அட்டை. புத்தகம் வெளியாகும் அன்றே படங்களைக் காட்சிக்கும் வைப்பதென்று முடிவு செய்தோம். காட்சிக்கூடத்துக்கு வாடகை கொடுக்க வசதியில்லை. தறிகள் விற்றுப்போய்க் காலியாகக் கிடந்த ஒரு தறிக்கொட்டகையை மூன்று நாளைக்குப் பேசி வாங்கினோம். பார்க்க வருகிறவர்கள் விழுந்துவிடாமலிருக்கத் தறிக்குழிகளின் மேல் பலகை போட்டு மூடியது மட்டும் அரை நாள் வேலை.

மாதிரிப் படியில் முதல் பக்கத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன. ‘ஓவியம்’ என்று போட்டு எங்கள் இருவர் பெயரும் மூன்று மாணவிகள் பெயரும். கடைசிப் பக்கத்தில் ‘நன்றி’ என்று போட்டு ஆறு பெயர்கள். அந்த நன்றிப் பக்கத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது. யார் இப்படிப் போடுகிறார்கள்?

மாணவிகளில் ஒருத்தி தறி வீட்டுப் பெண். அவளுடைய அம்மா அந்த ஆறு பேரில் ஒருவர். மாதிரிப் படியை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “மேடம், நான் வரைஞ்சது நாலு பக்கம். அம்மா கட்டம் போட்டது எட்டுப் பக்கம். நான் ஏன் முன்னாடி, அம்மா ஏன் பின்னாடி?”

கோடு போட்டவர் ஓவியர், நிரப்பியவர் உதவியாளர் என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே நாக்கு இடறியது. கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்பது நிறம் பூசும் இடம் மட்டுமல்ல. அந்த இடத்தில் பாவு இழை தூக்கப்படுமா, விடப்படுமா என்ற முடிவு அது. நாங்கள் வளைவாக ஒரு மயில் கழுத்தை வரைந்துவிட்டுப் போய்விடுவோம். வளைவைப் படிப்படியாக உடைத்து, எந்தக் கட்டம் உள்ளே, எந்தக் கட்டம் வெளியே என்று தீர்மானித்தவர் அவளுடைய அம்மா. இரண்டு இடங்களில் என் கோட்டை அவர் மீறியிருந்தார். மீறியது சரியாகவும் இருந்தது. எண்ணுகிறவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர் என்ற பிரிவினையில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று அன்றுதான் பார்த்தேன். சமையலைத் தொழிலாகச் செய்யும் ஆண் கலைஞர், வீட்டில் சமைப்பவள் வெறுமனே சமைப்பவள் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

சென்னை தாரா புக்ஸ் 2006 இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலை அப்போது மறுபடி எடுத்தேன். கறுப்புத் தாளில் கையாலேயே ஸ்கிரீன் அச்சு செய்த, கோண்ட் ஓவியர்கள் மூவரின் மரங்கள். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்று மூன்று பெயர்களும் நூலாசிரியர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. பழங்குடிக் கலை என்று பொதுப்பெயரில் அடக்கிவிட எல்லா வசதியும் இருந்தும் அப்படிச் செய்யவில்லை. பஜ்ஜு ஷ்யாமின் கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. போபாலில் தன் உறவினரான ஜன்கர் சிங் ஷ்யாமின் ஓவியங்களுக்குள் நுண்கோடுகளை நிரப்புகிற பயிலுநராகத்தான் அவர் தொடங்கினார். கோண்ட் ஓவியத்தில் ஒவ்வொருவரும் உருவத்தை நிரப்பும் விதமே அவருடைய கையெழுத்து. புள்ளியா, அரிசி மணியா, பிறைக்கோடா என்று பார்த்து யார் வரைந்தது என்று சொல்லிவிடலாம். நிரப்புதல்தான் பெயர் என்றால், என் நன்றிப் பக்கம் எங்கே போய் நிற்கும்?

பெண்ணியத்துக்குள்ளேயே இந்தச் சிக்கலுக்கு ஒரு பெரிய முன்கதை உண்டு. ஜூடி சிகாகோவின் ‘தி டின்னர் பார்ட்டி’ 1979 இல் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. வரலாறு மறந்த பெண்களுக்காக ஒரு முக்கோண மேசை. மேசையில் 39 பேருக்கு இடம், தரையில் 999 பெயர்கள். தையல், பீங்கான் வேலை என்று நூற்றுக்கணக்கானவர்கள் அதில் உழைத்தார்கள், பெரும்பாலோர் சம்பளமில்லாமல். அவர்கள் பெயர்களையும் பலகைகளில் எழுதிக் காட்சியோடு வைத்தார்கள். ஆனாலும் படைப்பு ஒருவர் பெயரில்தான் உலகம் சுற்றியது. அதற்காக வந்த விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை. மறக்கப்பட்டவர்களின் பெயரைப் பொறிக்கும் வேலையிலேயே புதிதாகச் சிலர் பின்பக்கத்துக்குப் போகிறார்கள். அந்த மேசையைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் செய்ததும் அதையேதான், இன்னும் சின்ன அளவில், இன்னும் கஞ்சத்தனமாக.

ஆகவே, பதினொரு பெயரும் அகர வரிசையில் அட்டையில் என்று முடிவானது. எனக்குப் பாரம் இறங்கியது. இறங்கியது ஒரு நாள்தான். ஆறு பேரில் மூத்த அக்கா ஒருவர் மறுநாள் வந்து, தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்றார்.

நான் வாதாடினேன். காலங்காலமாகப் பெண்களின் பெயர் அழிக்கப்பட்டதைப் பற்றி, அவருடைய பங்கைப் பற்றி. கைலாசநாதர் கோயில் முகப்பில் உள்ள சிறு கோயில் ஒன்றில், அதைக் கட்டிய பல்லவ அரசி ரங்கபதாகையின் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டாகக் கல்லில் நிற்பதைக்கூடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அவங்க ராணி. கட்டினவங்க. செதுக்கினவன் பேரு இருக்குதா அதுல?” என்றார். பிறகு, “எம்பேரு வந்தா வீட்டுல என்ன வரும், வரலைன்னா என்ன போகும், அத நான் பாத்துக்கறேன். பணம் வந்தா என் கையில குடுங்க, அவரு கையில வேணாம்” என்றார்.

பெயரை நான் ஒரு பரிசாக நினைத்திருந்தேன். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், வாங்கிக்கொண்டால் மகிழ்வார்கள். ஆனால் பெயர் வெளியே போனால் அதன் பின்னால் வரும் கேள்விகள் அவருடைய வாசலுக்குத்தான் வரும், என் வாசலுக்கு அல்ல. தறி வேலை நேரத்தில் யாரைக் கேட்டுப் போனாய், எவ்வளவு வாங்கினாய், எங்கே வைத்திருக்கிறாய். பெயர் அழிக்கப்படுவதும் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொள்வதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். கெரில்லா கேர்ள்ஸ் என்ற நியூயார்க் கலைஞர்கள் 1985 முதல் கொரில்லா முகமூடிக்குப் பின்னால் தங்கள் பெயரை மறைத்தபோது அதை எதிர்ப்பு என்று பாராட்டினோம். பிள்ளையார்பாளையத்து அக்கா மறைத்தால் விழிப்புணர்வு போதாது என்று நினைக்கிறோம்.

இத்துடன் முடிந்திருந்தால் நல்லது. அவருடைய படத்தின் கீழ் ‘பெயர் சொல்ல விரும்பாதவர்’ என்று அட்டை எழுதினேன். அதையும் வேண்டாம் என்றார். பதினொரு பேரில் பத்துப் பேருக்குப் பெயர் இருந்தால், பதினோராவது யார் என்று தெருவே கண்டுபிடித்துவிடும். சரிதான். அப்போது எனக்குள் இருக்கும் தமிழாசிரியை விழித்துக்கொண்டாள். குறுந்தொகையில் பெயர் தெரியாமல் போன புலவர்களை அவர்கள் பாட்டிலுள்ள தொடரைக் கொண்டே அழைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று. நாமும் எல்லாப் படங்களுக்கும் மல்லிமொக்கு, மயில்கண் என்று அந்தந்தப் புட்டாவின் பெயரையே போடுவோம் என்றேன். மிகவும் அழகான யோசனை என்றுதான் நினைத்தேன்.

“அவங்களுக்குப் பேரு தெரியாம போச்சு, அதனால வெச்சாங்க. எங்கம்மாவுக்குப் பேரு இருக்குது மேடம்” என்றாள் அந்த மாணவி.

குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ என்று நமக்குத் தெரிகிறது, எழுதியவர்கள் சிலருடைய பெயர்தான் தெரியவில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து, நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் படங்களுக்குக் கீழே எந்த அட்டையும் இல்லை. கொட்டகை வாசலில் பத்துப் பெயர்கள் ஒரே தாளில். புத்தக அட்டையிலும் பத்து. ஒருவருடைய மறைப்பைக் காப்பாற்ற, இன்னொருவர் தன் எட்டுப் பக்கங்களின் கீழ் பார்த்திருக்க வேண்டிய பெயரை இழந்தார். இரண்டு உரிமைகளும் நியாயமானவை. இரண்டையும் சேர்த்துத் தர எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்பவருக்கு ஆபத்து, வேண்டும் என்பவருக்கு ஏமாற்றம். ஆபத்துதான் கனம் என்று அன்று முடிவு செய்தேன். இன்றும் அதையே சொல்வேன், ஆனால் அந்த மாணவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சிரமப்படுவேன். முதலிலேயே, ஒரு கோடு போடும் முன்பே, பதினொரு பேரையும் உட்காரவைத்துப் பெயரைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு வழி கிடைத்திருக்கும். படங்களை எல்லோரும் எல்லாப் பக்கத்திலும் கை வைக்கும்படி பிரித்திருக்கலாம். நான் கேட்டது அச்சுக்குப் போகும் வாரத்தில்.

பணத்தில் மட்டும் தவறவில்லை. அச்சுச் செலவு போக மிஞ்சியது பதினொரு சம பங்கு. யோசனைக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அந்த வாதம் அரை மணி நேரம் ஓடியது, அதை விட்டுவிடுகிறேன். பெயர் வேண்டாம் என்ற அக்காவுக்கு ரொக்கமாக, அவர் சொன்ன இடத்தில், அவர் கையில்.

மூன்றாம் நாள் மாலை மாணவியின் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வந்தார். மூடிய தறிக்குழியின் பலகை மேல் நின்று, மயில் கழுத்தில் என் கோட்டை மீறிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். தார் சுற்றி வைக்கவில்லை என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

இரண்டாம் புத்தகம் பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. முதல் கூட்டத்தில் அட்டையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்று மாணவி சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மா வருகிறார். அந்த அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.