சத்தமாக

இரட்டைக்கோடு நோட்டில் எழுதுகிறேன். கடைப் பையன் "பேரப்பிள்ளைக்கா தாத்தா?" என்று கேட்டான், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கோடில்லாத தாளில் என் எழுத்து வரியின் தொடக்கத்தில் கொண்டைக்கடலையாக இருக்கும், வரி முடிவதற்குள் கடுகாகிவிடும். மேலும் கீழும் கோடு இருந்தால் எழுத்து அதைத் தொடப் பார்க்கிறது.

பேச்சும் இப்படித்தான் தேய்கிறது. முதல் சொல் கேட்கும், கடைசிச் சொல் காற்றோடு போய்விடும். தமிழில் இது பெரிய தொல்லை. நாம் வினையைக் கடைசியில் அல்லவா வைத்திருக்கிறோம். "எனக்கு இன்னொரு தோசை" என்பது வரை மனைவிக்குக் கேட்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பது அவள் முடிவு.

*

எனக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோயைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய சிறு நூலில் ஆறு பேர் வருகிறார்கள். சிலரை அவர் தெருவில்தான் கண்டார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பேச்சு குலைவதையும் அவர் குறித்திருக்கிறார். இருந்தும் ஊர் நினைவில் நின்றது நடுக்கம்தான். 1978இல் அமெரிக்காவில் 200 நோயாளிகளைப் பரிசோதித்தபோது 89 விழுக்காட்டினருக்குக் குரலில் கோளாறு இருந்தது. கை நடுங்கினால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். குரல் தாழ்ந்தவனை அடக்கமானவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

*

என் காதுக்கு என் குரல் சரியாகவே இருக்கிறது. இதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. டோபமைன் குறைந்த மூளை அசைவுகளை எல்லாம் சிறிதாக்கிவிட்டு, அதுவே சரியான அளவு என்று உள்ளே கையெழுத்தும் போட்டுவிடுகிறது. அளந்து பார்த்தால் குரல் குறைவது சராசரியாக 2 முதல் 4 டெசிபல்தான். காகிதத்தில் அற்பம். மேலே மின்விசிறி, கூடத்தில் சீரியல், அடுப்படியில் மிக்ஸி என்றிருக்கும் வீட்டில், ஆள் பேசினானா இல்லையா என்பதே அந்த நாலு டெசிபலில் இருக்கிறது. பல வீடுகளில் முதலில் காது டாக்டரிடம் போய் நிற்பது நோயாளியின் மனைவிதானாம்.

*

வேலையில் இருந்த நாளிலிருந்தே விடியலில் மூச்சைக் கவனித்து உட்காருகிறவன் நான். அங்கே பாடம், மூச்சை மெலிதாக்குவது. வருவதும் போவதும் தெரியாத அளவுக்கு. இப்போது படிப்பது அதற்கு நேர் எதிர், மூச்சைப் பலமாக்குவது. மார்புத் தசைகள் இறுகிவிட்டதால் கூடு சரியாக விரிவதில்லை. போதிய காற்று இல்லாமலே பேசத் தொடங்கிவிடுகிறேன். குரல்நாண்கள் இரண்டும் முழுதாகச் சேராமல் நடுவில் சின்ன இடைவெளி விடுகின்றன. இருக்கிற காற்றும் அதன் வழியே ஒழுகிப்போகிறது. மூச்சை இயல்பாக விடு என்பார்கள். இயல்பே சுருங்கிவிட்டவனுக்கு அந்த உபதேசம் எதற்கு உதவும்?

படபடப்பு வந்தால் குரல் இன்னும் தாழும், அதனால் விடியலில் உட்காருவதை விடவில்லை. ஆனால் அமைதி ஒரு வேலை, பலம் வேறொரு வேலை. ஒரே மூச்சில் இரண்டும் கிடைக்கும் என்று விற்பவர்களை நான் நம்புவதில்லை.

*

ஆ.

வயிறு முன்னே வரும்படி மூச்சை இழுத்து, முடிந்த மட்டும் நீளமாக, உரக்க. தொண்டையை நெரிக்கக் கூடாது.

1987இல் அரிசோனாவில் லீ சில்வர்மேன் என்ற பெண்மணிக்காகத் தொடங்கிய முறை இது. அவர் சொல்வது கேட்டால் போதும், புரிந்தால் போதும் என்பதுதான் அவர் குடும்பத்தின் ஆசை. பேச்சுப் பயிற்சி நிபுணர் லொரெய்ன் ரேமிக் அதை வளர்த்தெடுத்தார். முறைக்கு அந்தப் பெண்மணியின் பெயரையே வைத்தார்கள். வாரம் 4 நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், 4 வாரம். பிறகு வீட்டில் நாமாக. நாக்கை இப்படி வை, உதட்டை அப்படிக் குவி என்று எதுவும் கிடையாது. ஒரே கட்டளை: சத்தமாக. அதைப் பிடித்துக்கொண்டால் மூச்சு, நாக்கு, முகபாவம் எல்லாம் பின்னாலேயே வருகின்றன. ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள் என்பது எனக்குப் பழகிய உபதேசம்தான். அது கத்தலாக வந்து சேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கூச்சம்தான் தடை. அடக்கிப் பேசு என்று வளர்க்கப்பட்டவன். குரல் சாதாரண அளவை எட்டும்போது ஊரைக் கூட்டுகிறோமோ என்று உடம்பு கூசுகிறது. போனில் பதிவு செய்து கேட்டால், யாரோ ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

*

மாத்திரை கைக்குச் செய்கிற உதவியைக் குரலுக்குச் செய்வதில்லை. மூச்சை வெளியே தள்ளும் தசைகளுக்கென்று ஊதுகிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. உள்ளே சுருள்வில் வைத்த வால்வு. போதிய பலத்தோடு ஊதினால்தான் திறக்கும். ஐந்து ஐந்தாக ஒரு நாளைக்கு 25 ஊதல், வாரத்தில் 5 நாள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பேச்சுக்கு உதவும் அதே தசைகள்தான் இருமலுக்கும். குடிக்கிற தண்ணீர் வழி மாறி இறங்கினால் இருமித் தள்ளத் தெம்பு வேண்டும். இந்த நோயில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் நிமோனியாதான். 4 வாரம் இப்படி ஊதியவர்களுக்கு விழுங்குவதில் ஆபத்து குறைந்ததை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

*

சத்தப் பயிற்சியில் இன்னொரு பாடமும் உண்டு: தினமும் பேசுகிற பத்து வாக்கியங்களை எழுதி அவற்றையே உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். "யாரு வந்திருக்கா?" "ஃபேனைக் குறைம்மா." "மோர் போதும்." "பெரியார் பஸ் ஸ்டாண்டு வருமாப்பா?" இப்படி ஒன்பது எழுதினேன். பத்தாவதை மனைவி எடுத்துக்கொடுத்தாள்: "நீ சொல்றது தப்பு." நான் அதைச் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டதாம்.

மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து, கூடத்தில் நின்று, வயிற்றிலிருந்து சொன்னேன். அடுப்படியில் மிக்ஸி நின்றது.

"எது தப்பு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.