உறைக்குள் இருப்பது யாருடையது?

சேர்வராயன் கோயிலைச் சூழ்ந்துள்ள மலையூர்களில் வாழ்வோருக்குத் திசுச் சோதனையோ ஸ்கேனோ தேவைப்பட்டால், பெரும்பாலும் சேலம் வரை இறங்கியாக வேண்டும். முதலில் ஏற்காடு, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சோதனைக்கு ஒரு நாள் கூலி போகும். முடிவை வாங்க இன்னொரு நாள் கூலி போகும். இவ்வளவுக்கும் பின் கையில் கிடைப்பது பல வேளைகளில் ஒட்டப்பட்ட ஓர் உறை. ‘பிரிக்க வேண்டாம், டாக்டரிடம் கொடுங்கள்’ என்ற சொல்லும் உடன் வரும். உறைக்குள் இருப்பதோ அவருடைய உடலைப் பற்றிய செய்தி. அதைச் சுமந்து செல்லும் தூதுவராக மட்டுமே அவர் இருக்கிறார்.

அச்செய்தி யாருக்கு உரியது? சட்டத்தின் விடையில் ஐயமில்லை. மருத்துவப் பதிவுகளை நோயாளியிடமிருந்தே மறைப்பதற்கு ‘இரகசியம்’ என்பதைக் காரணமாகக் காட்டலாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அன்றைய இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் வகுத்த ஒழுக்க நெறிகள், நோயாளி கேட்ட 72 மணி நேரத்திற்குள் பதிவுகளை அளிக்க வேண்டும் என்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனமும் இதனையே வலியுறுத்துகின்றது. ஆனால், உரிமை உண்டு என்று அறிந்தவனே கேட்பான். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சுபவன் அறிந்தும் கேட்க மாட்டான்.

சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. அது நம் வீடு. மருத்துவர் மறைப்பதைவிட நாம் மறைப்பதே மிகுதி என்று எனக்குத் தோன்றுகின்றது. தகப்பனாருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மூத்த மகன் மருத்துவரைத் தனியே சந்தித்து, ‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்’ என்று கெஞ்சுகிறான். இது கயமையன்று, பாசந்தான். எனினும் இந்தப் பாசம் செய்வது என்ன? அன்று முதல் அந்த வீட்டில் எல்லோரும் நடிக்கத் தொடங்குகிறார்கள். மருந்துச் சீட்டு பீரோவில் பூட்டப்படுகின்றது. பார்க்க வரும் உறவினருக்கு வாசலிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கப்படுகின்றது. தகப்பனாரும் ஒன்றும் அறியாதவர் அல்லர். மருமகளின் சிவந்த கண்களைப் பார்த்தே பாதியை அறிந்துகொள்கிறார். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் நடிக்கிறார். பத்தாண்டுகளாகப் பேசாதிருந்த தம்பியை அழைத்து ஒரு சொல் சொல்ல அவருக்கு விருப்பம் இருந்திருக்கலாம். நிலத்தைப் பிரித்து எழுதி வைக்கவும், நல்ல நினைவோடு நோயில்பூசுதல் பெறவும் விரும்பியிருக்கலாம். காலம் குறுகியது என்று அறிந்தவனுக்கே இவை கைகூடும். அந்தக் காலத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை மகனுக்கு யார் தந்தார்? 1990-களில் திருப்பீடம் வெளியிட்ட நலவாழ்வுப் பணியாளர் சாசனமும், இறக்கும் நிலையில் உள்ளவருக்கு உண்மையைச் சொல்வதை ஒரு கடமையாகவே பேசுகின்றது. நோயாளியின் மனநிலை அறிந்து, உடனிருந்து சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகின்றது.

‘தாங்க மாட்டார்’ என்பது உண்மைதானா? அமெரிக்காவில் 2021 முதல் சோதனை முடிவுகள் ஆயத்தமானவுடன், மருத்துவர் பார்க்கும் முன்பே கூட, நோயாளியின் கணினிக்கோ கைப்பேசிக்கோ வந்துவிடுகின்றன. இவ்வாறு முடிவுகளைப் பெற்ற 8,000-க்கும் மேற்பட்டோரிடம் வினவிய ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. முடிவு இயல்புக்கு மாறாக வந்தவர்களிலும் நூற்றுக்கு 95 பேர், இனியும் உடனே அறியவே விரும்புவதாகக் கூறினர். கவலை மிகுந்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். கவலைப்படுவதும் மனிதனுக்குரிய உரிமைதானே!

‘சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது’ என்பது இன்னொரு சாக்கு. 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் இருந்து பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் குருதியைச் சேகரித்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதன்முறை. எதற்காகக் குருதி எடுக்கிறேன் என்று அப்பெண்களிடம் சொல்லவில்லை என்றும், சொல்லியிருந்தாலும் புரிந்திராது என்றும் நிர்மலாவே பின்னாளில் ஒளிவின்றிக் கூறினார். அவருடைய உழைப்பு போற்றுதற்குரியது. அதனால் நாடே விழித்தது. ஆயினும், நாட்டை எழுப்பிய செய்தி யாருடைய உடலிலிருந்து வந்ததோ, அவர்கள் எதற்கென்று அறியாமலேயே கையை நீட்டினார்கள்.

இதனால், தாளைக் கையில் திணித்துவிட்டால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கிலச் சுருக்கெழுத்துகளும் எண்களும் நிறைந்த தாள், தமிழ் மட்டுமே படிப்பவருக்கு ஒட்டிய உறையைவிட எவ்வகையில் மேல்? பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகையைக் கண்டறியும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதில் அடங்கிய 17 மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அங்கே முடிவு ஓர் அட்டையாக உரியவரிடமே தரப்படுகின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ‘கடத்தி’ என்று குறிக்கப்பட்ட பெண், தனக்கே நோய் என்று எண்ணி அழலாம். அயலார் அவளைப் பெண் கேட்கத் தயங்கலாம். உனக்கு நோயில்லை, உன்னை மணப்பவரும் கடத்தியாக இருந்தால் பிள்ளை நோயுடன் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று, அவளுக்கு விளங்கும் தமிழில், பத்து நிமிடம் உட்கார்ந்து ஒருவர் சொல்ல வேண்டும். சேலத்திற்கு உறை வாங்க இறங்கிய தோட்டத் தொழிலாளிக்கும் அந்தப் பத்து நிமிடம் வேண்டும், ஏற்காட்டுப் பேருந்து புறப்படுவதற்கு முன்.